முன்சீட்டு ஜன்னல்

ஏம்மணி, அந்த ஷட்டரைச் சித்த மேல தூக்கி உடு, காத்து வரட்டும். வல்லையா? ரெண்டு கையாலயும் தூக்கு. ஆங், வந்துருச்சு பாரு. கவர்மென்ட் பஸ்ஸு, எத்தனை வருசப் பழசோ, கையில தூக்குனா ஜன்னல் தொறக்குது. எங்கூட்டுலயும் ஒரு காரு நிக்குது. அதுல எல்லாத்துக்கும் பட்டன். விரலை வெச்சா கண்ணாடி ஏறும், விரலை வெச்சா எறங்கும்னு பெருமையாச் சொல்லித்தான் வாங்குனாங்க. அந்த ஒரு கண்ணாடி நின்னு போனதுல ரெண்டு மாசமா எங்கூட்டுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதில்லை.

நீ எங்க எறங்கற, சூலூரா? நான் அதுக்கு முன்னாடியே எறங்கிக்குவேன், பாப்பம்பட்டி பிரிவுல. அங்க ஒரு சோலி இருக்குது. காரை வெச்சுட்டு எதுக்கு பஸ்ல போறீங்கன்னு கேக்கற, அதான? கேளு. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. அந்தக் காருல நான் ஏற மாட்டேன். அது என்ற மருமக காரு. மகன் காரில்லை, மருமக காரு. ஆர்சி புக்குல அவ பேருதான் இருக்குது, ஓட்டறதும் அவதான். என்ற மகன் சம்பத்து இருக்கறானே, பக்கத்துல உக்காந்து போனைத் தேய்ச்சுட்டு வருவான். நான் வந்தேன்னா முன்சீட்டை எனக்கு உட்டுட்டுப் பின்னாடி போயி உக்காந்து தேய்ப்பான். அவ்வளவுதான் அவன் சாமர்த்தியம்.

மருமக பேரு சுகன்யா. பாலிடெக்னிக்குல வாத்தியாரம்மா. கரண்டுப் பாடம் எடுக்கறா. பொம்பளைப் புள்ளைக்குக் கரண்டு எதுக்குன்னு பொண்ணு பாக்கப் போனப்பவே நான் கேட்டேன். "வீட்டுல மிக்சி ரிப்பேரானா ஆள் கூப்பிட வேண்டியதில்லைங்க சம்மந்தி"ன்னு அவங்கப்பா சிரிச்சாரு. சிரிக்கற விசயமா அது? இப்ப மிக்சி, ஃபேனு, அயர்ன் பாக்ஸு, எது நின்னாலும் அவளேதான் கழட்டறா. டைனிங் டேபிள்ல, சோறு திங்கற எடத்துல, ஸ்க்ரூ கெடக்கும். எனக்கு வாய் வரைக்கும் வந்துரும். முழுங்கிக்குவேன். என்னைய மாதிரி முழுங்கறவ எவளும் கெடையாது, அக்கம்பக்கத்துல வேணும்னா கேட்டுப் பாரு.

சரி, ஆறுச்சாமி விசயத்துக்கு வர்றேன். எங்க அப்பார்ட்மெண்டுல காரு தொடைக்கற ஆளு. அம்பது வயசு இருக்கும். வெடியால அஞ்சரை மணிக்கெல்லாம் பக்கெட்டைத் தூக்கிட்டு வந்துருவான், வரிசையா பதினாலு காரு தொடைப்பான். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஏன்னு கேளு. எங்க காரைத் தொடைக்க வந்த மொத நாளே, நான் கீழ நிக்கறேன், வயசுல மூத்தவ நிக்கறேன், என்னைத் தாண்டிப் போயி அவகிட்ட, "மேடம், உள்ள மேட்டெல்லாம் எடுத்துத் தட்டலாமுங்களா"ன்னு கேக்கறான். நான் என்ன அங்க தூணா நிக்கறேன்? ஆளு பாத்து மரியாதை குடுக்கத் தெரியாதவன்கிட்ட அப்புறம் நமக்கு என்ன பேச்சு?

இவளும் அவனுக்கு ஏத்த ஆளுதான். வீட்டு எவர்சில்வர் டம்ளர்ல காப்பி ஊத்திக் கொண்டு போயிக் குடுப்பா. நான் அதுக்குன்னே பேப்பர் கப்பு ஒரு கட்டு வாங்கி ஷெல்புல வெச்சேன். வெச்சது வெச்சபடி இருக்குது. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலை அம்மணி. சுத்தம்னு ஒண்ணு இருக்குதல்ல? என்ன பாக்கற? உங்கூட்டுல அதெல்லாம் பாக்க மாட்டீங்களா? சரி உடு.

இந்த வருசம் ஆயுத பூசைக்குத்தான் எல்லாம் ஆரம்பிச்சுது. என்ற மருமகளுக்குப் பூசைன்னா என்ன தெரியும்? கடையில விக்கற சந்தனப் பவுடரைக் கிண்ணத்துல கொட்டி, டேப்பைத் தொறந்து நாலு சொட்டுத் தண்ணி உட்டுக் கலக்குவா. ஸ்டியரிங்குல ஒரு பொட்டு, முன்னால ஒரு பொட்டு. முடிஞ்சுது. எலுமிச்சங்காயை டயர்ல நசுக்கி ஒரு சுத்து சுத்திட்டு வந்தா பூசையாம். காலேஜுல அப்படித்தான் மெசினுக்கெல்லாம் வெப்பாங்களாம். நான் பாத்தேன். இந்த வருசம் நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். மொத நாள் பொழுதோட, வெளக்கு வெச்ச பொறகு உக்காந்து, சந்தனக் கட்டையக் கல்லுல உரசுனேன். பவுடரில்லை அம்மணி, கட்டை. எங்கம்மா எனக்குக் கல்யாணத்துக்குக் குடுத்த கட்டை. பன்னீரை உட்டு உட்டு, தளதளன்னு ஒரு கிண்ணம். அந்த மாடியே மணத்துச்சு.

வெடியால கீழ போயி ஒண்ணு உடாம வெச்சேன். ஸ்டியரிங்கு, கியரு, மீட்டரு, பாட்டுப் பொட்டி. டிரைவர் பக்கத்துக் கதவுல நாலு பட்டன் வரிசையா இருக்கும், அங்கிருந்தே நாலு ஜன்னலையும் ஏத்தி எறக்கலாம். நாலுக்கும் வெச்சேன். ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம உட்டா மனசு கேக்குமா? அதுல என்ற ஜன்னலுக்கு எந்தப் பட்டன்னு எனக்குத் தெரியும். முன்சீட்டு, இடது பக்கம். அதுக்கு மட்டும் ரெண்டு விரலும் சேத்துத் தாராளமா வெச்சு, மேல குங்குமமும் வெச்சேன். நாம உக்கார்ற எடம், நல்லா இருக்கட்டும்னுதான். கூட நாலு பேரு அவங்கவங்க காருக்குப் பூசை போட்டுட்டு இருந்தாங்க. எல்லாரும் எங்க காரைத்தான் பாத்தாங்க. அத்தனை லட்சணமா இருந்துச்சு.

பத்து நாள் இருக்கும். காங்கேயத்துல ஒரு கல்யாணம், என்ற நாத்தனார் பேத்திக்கு. நான் மயில்கழுத்துக் கலர் பட்டுக் கட்டிட்டு முன்சீட்டுல உக்காந்தேன். ஏசி எனக்கு ஆகாது, மூக்கை அடைக்கும். அதனால கண்ணாடியப் பாதி எறக்கி வெச்சுட்டு வந்தேன். பல்லடம் தாண்டுனோம், மழை புடிச்சுக்கிச்சு. ஐப்பசி மழை, கேக்கோணுமா? பட்டனை அமுக்கறேன், கண்ணாடி ஏறலை. மறுபடி அமுக்கறேன். அசையவே இல்லை. அவ அவ பக்கத்துல இருந்து அமுக்கறா. அப்பவும் இல்லை. என்ற மகன் பின்னாடி இருந்து, "மெதுவா அமுக்கிப் பாரும்மா"ங்கறான். மெதுவா அமுக்குனா ஏறுமா? வேற ஒரு வார்த்தை அவனுக்குத் தெரியாது.

தண்ணி அப்படியே என்ற மேல. பட்டுச் சேலை தோள்ல இருந்து மடி வரைக்கும் நனைஞ்சு போச்சு. அவ வண்டிய ஓரமா நிறுத்தி, டிக்கியில இருந்து ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துட்டு வந்து கொடுத்தா. அதைப் போர்த்திட்டு மண்டபத்து வாசல்ல போயி எறங்கறேன். ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் நிக்கறாங்க. என்ற நாத்தனார் சிரிச்சுட்டே, "என்னங்கண்ணி, பார்சல்ல வந்துட்டீங்க"ங்கறா. மூணு மாசம் கழிச்சு இப்பவும் போன் பண்ணுனா அதையேதான் சொல்லிச் சிரிக்கறா. அன்னிக்கு நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். மூணு மாசமா? இல்லை, ரெண்டு மாசம். எனக்கு அது வருசமாத் தெரியுது.

வீட்டுக்கு வந்ததும் நான் யோசிச்சேன். இதுக்கு ஒண்ணும் பாலிடெக்னிக் படிக்கோணும்னு இல்லை. கரண்டு எதுல கெடும்? தண்ணியில கெடும். தண்ணிய யாரு வெச்சிருக்கறா? ஆறுச்சாமி வெச்சிருக்கறான். தெனமும் பக்கெட்டு நெறையக் கொண்டு வர்றவன் அவன் ஒருத்தன்தான். அப்ப யாரு கெடுத்தது? சொல்லு. சின்னப் புள்ளை கூடச் சொல்லும்.

அப்பார்ட்மெண்டு செக்ரட்டரி மோகன்ராஜ் சார் வீடு எங்களுக்கு எதுத்தாப்புல. போயிச் சொன்னேன். "நீங்க பாத்தீங்களாம்மா?"ன்னு கேட்டாரு. பாத்தேன்னேன். "என்ன பண்ணுனான்?"ன்னாரு. பக்கெட்டோட தூக்கிக் கதவுல ஊத்துனான், கண்ணாடி பாதி தொறந்திருந்துச்சு, அதைக் கூடப் பாக்காம ஊத்துனான்னேன்.

இல்லம்மணி, நேர்ல பாக்கலை. நான் நாலாவது மாடியில இருக்கறேன், வெடியால அஞ்சரைக்குக் கீழ என்ன தெரியும்? ஆனா அதைப் பாக்கவேற வேணுமா? ஊத்தாம அது எப்படிக் கெட்டுது? பாத்த மாதிரிதான அது. வக்கீலாட்டக் கேக்கறயே.

அந்த செக்ரட்டரிக்கு ஏற்கெனவே தன் காரு கண்ணாடியில கோடு உழுந்துருச்சுன்னு ஒரு கோவம். அன்னிக்கே வாட்ச்மேனைக் கூப்பிட்டு, ஆறுச்சாமிய கேட்டுக்குள்ள உடாதேன்னுட்டாரு. வாட்ஸப்புலயும் போட்டுட்டாரு, இன்ன வீட்டுக் காரை இவன் கெடுத்துட்டான், யாரும் கூப்பிட வேண்டாம்னு. பதினாலு காரும் ஒரே நாள்ல போச்சு. அப்பார்ட்மெண்டுல இருக்கறவங்க இருக்கறாங்களே, எட்டு வருசமா அவன் தொடைச்ச காருலதான் ஆபீஸ் போனாங்க. ஒருத்தர் கூட என்ன ஏதுன்னு கேக்கலை. படிச்ச சனம்.

மறுநாள் பொழுதோட அவன் வாட்ச்மேன்கிட்டக் கெஞ்சிட்டு மேல வந்துட்டான். கதவு வரைக்கும் வந்து வெளியவே நிக்கறான். செருப்பைக் கழட்டிப் படியில உட்டுட்டான். சுகன்யாதான் கதவைத் தொறந்தா. அவளைப் பாத்து ஒண்ணும் சொல்லலை. என்னைப் பாத்து, "அம்மா, நான் தண்ணி ஊத்த மாட்டேனுங்க. துணிய நனைச்சுப் புழிஞ்சுதானுங்க தொடைப்பேன். நான் ஊத்துனதை நீங்க பாத்தீங்களா?"ன்னான்.

பாத்தேன்னேன்.

அவன் என்னையவே பாத்தான். "சரீங்கம்மா"ன்னு சொல்லிட்டுச் செருப்பைக் கையில எடுத்துட்டுப் படியில எறங்கிப் போயிட்டான். லிப்டு இருக்குது, அதுல போகலை. அவ்வளவுதான் நடந்துச்சு. திட்டியிருந்தான்னா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், அத்தோட முடிஞ்சிருக்கும். என்ன மனுசன் அவன்?

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை மருமக கீழ எறங்கிட்டா. கையில ஸ்க்ரூடிரைவரு, ஒரு சின்ன பல்பு, ரெண்டு ஒயரு. ஷோரூமுக்குக் கொண்டு போ, அங்க பாக்கறதுக்கு ஆளு இருக்குதுன்னேன். "அங்க கொண்டு போனா மோட்டாரோட எல்லாத்தையும் மாத்தணும்னுதான் சொல்லுவாங்க அத்தை, எது கெட்டுதுன்னு பாக்க மாட்டாங்க"ன்னா. இவ பாத்துக் கிழிச்சுருவாளாக்கும். நானும் கீழ போயி ஒரு சேரைப் போட்டு உக்காந்தேன். இவ கூத்தைப் பாக்கோணுமல்ல?

மொதல்ல, ஜன்னலைப் பூட்டற பட்டன் ஒண்ணு இருக்குதாம், புள்ளைங்க தொறக்காம இருக்க. அது அமுங்கியிருக்குதான்னு பாத்தா. அமுங்கலை. அப்புறம் ஃபியூஸு. மத்த மூணு கண்ணாடியும் ஏறி எறங்குது, ஃபியூஸு நல்லாத்தான் இருக்கும், இருந்தாலும் கண்ணால பாத்துக்கறேங்கறா. நல்லா இருக்குதுன்னு தெரிஞ்ச பொறகு எதுக்குப் பாக்கறது? இதுக்குத்தான் இவளுக்குச் சம்பளம் குடுக்கறாங்க.

அப்புறம் சம்பத்தை உள்ள உக்கார வெச்சுப் பட்டனை அமுக்கச் சொல்லிட்டு, இவ கதவுல காதை வெச்சுக் கேக்கறா. டொக்குன்னு ஒரு சத்தமாச்சும் வரோணுமாம். வல்லை. அப்ப மோட்டாருக்குக் கரண்டே வல்லை, இல்லைன்னா மோட்டாரு செத்துருச்சுங்கறா. ரெண்டுல ஒண்ணுன்னு சொல்றதுக்கு நான் போதாதா?

அப்புறம் என்ற பக்கத்துக் கதவையே உரிச்சா அம்மணி. உள்பக்கம் இருக்கற அட்டை, படபடன்னு கிளிப்பெல்லாம் கழண்டு, கதவு குடலெல்லாம் தெரியுது. அஞ்சு வருசக் காரு. பேட்டரியில இருந்து ஒயரு இழுத்து நேரா மோட்டாருக்குக் குடுத்தா. கண்ணாடி சர்ருனு மேல ஏறுச்சு. சம்பத்து கை தட்டுறான். நான் கூட... உடு. ஒயரை மாத்திக் குடுத்தா, எறங்குச்சு. "மோட்டார் நல்லா இருக்கு"ன்னா. அப்புறம் கதவுக்குள்ள கையை உட்டுத் தடவிப் பாத்து என்னைப் பாத்தா. "உள்ள காஞ்சு கெடக்குது அத்தை. தண்ணி போனாக் கூட அடியில வடியறதுக்கு ஓட்டை இருக்குது பாருங்க"ன்னா. எனக்கு எதுக்கு ஓட்டையக் காட்டறா? நான் என்ன காரா ஓட்டப் போறேன்?

என்ற பக்கத்துப் பட்டனைக் கழட்டி அந்த பல்பை வெச்சுப் பாத்தா. பட்டனும் நல்லா இருக்குதாம். கதவுக்கும் வண்டிக்கும் நடுவுல ரப்பர் குழாயில ஒயரு போகுது, தெனமும் தொறந்து மூடித் தேஞ்சிருக்கும்னு அதையும் இழுத்துப் பாத்தா. அதும் நல்லா இருக்குது. மணி பன்னெண்டாச்சு. சமையல் ஒண்ணும் ஆகலை. கெட்டது எதுன்னு கண்டுபுடிக்கறதை உட்டுட்டு நல்லா இருக்கறதை எல்லாம் கணக்கெடுத்துட்டு இருக்கறயேன்னு கேட்டுட்டேன். "நல்லா இருக்கறதை எல்லாம் ஒதுக்குனாத்தான் அத்தை கெட்டது தெரியும்"ங்கறா. பேச்சு மட்டும் கொறைச்சலில்லை.

அப்புறம் அந்தப் பக்கம் போயி, டிரைவர் கதவுல இருக்கற நாலு பட்டனையும் பலகையோட நெம்பி எடுத்தா. என்ற ஜன்னலுக்குப் போற கரண்டு, என்ற பட்டனை அமுக்குனாலும், இந்தப் பட்டன் வழியாத்தான் போகோணுமாம். பாத்தியா அநியாயத்தை? என்ற பக்கத்து ஜன்னலுக்கும் அவ கதவுலதான் சாவி. அதை அவ அங்க கழட்டலை. அப்படியே மேல கொண்டு போயிட்டா.

டைனிங் டேபிள்ல பேப்பரை விரிச்சு, ஒவ்வொண்ணாப் பிரிச்சா. மூணு பட்டன்ல லேசா மஞ்சளாத் தூசி. நாலாவதுல, என்ற ஜன்னல் பட்டன்ல, உள்ள செம்புத் தகடு பச்சை புடிச்சு, மேல கட்டியா ஒட்டிக் கெடக்குது. அவ அதை அப்படியே என்ற பக்கம் நகத்தி வெச்சு, "இது என்னன்னு பாருங்க அத்தை"ன்னா.

எதுக்குப் பாக்கறது? கிட்டக் கொண்டு வந்தப்பவே மணத்துச்சு. கட்டையில உரசுன சந்தனம், எங்க போனாலும் அந்த வாசனை போகாது. பவுடரா இருந்தா மணத்திருக்குமா? அந்தப் பன்னீரு ஈரத்தோட உள்ள எறங்கிக் காஞ்சு போச்சாம். சந்தனம் ஒரு பொருளைக் கெடுக்குமா அம்மணி? சாமிக்கு வெக்கறதைப் போயி, ஒரு பட்டன் தாங்கலைன்னா அது பட்டன் மேல தப்பா, சந்தனம் மேல தப்பா? அப்படித்தான் கேட்டேன். அவ ஒரு துணியில ஸ்பிரிட்டு மாதிரி ஏதோ தொட்டு அந்தத் தகட்டைத் தேய்ச்சுட்டே இருந்தா. தேய்ச்சு முடிச்சு மாட்டிட்டு வந்தா. கண்ணாடி ஏறுச்சு, எறங்குச்சு. இப்ப ஒரு கொறையும் இல்லை, ஜம்முனு இருக்குது.

ஜன்னல் சரியாயிருச்சல்ல, அத்தோட உடலாமல்ல? உடலை. "செக்ரட்டரிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க அத்தை. தண்ணி ஊத்தலை, தப்பாச் சொல்லிட்டேன்னு"ன்னா. என்ற வயசென்ன, அவரு வயசென்ன? எதுத்த வீட்டுல போயி நான் பொய் சொன்னேன்னு நிக்கோணுமா? சம்பத்தைப் பாத்தேன். அவன் போன்ல இருந்து தலையத் தூக்கி, "அம்மா பாவம், உடு சுகன்யா"ன்னான். அவ அதுக்கு, "ஆறுச்சாமி?"ன்னு கேட்டா. அவன் மறுபடி தலையக் குனிஞ்சுட்டான்.

ஒரு வாரம் பொறுத்துப் பாத்தா. அடுத்த ஞாயிறு அசோசியேசன் மீட்டிங்கு. அதுல எந்திரிச்சு நின்னு இவ சொல்றா: "எங்க கார் கண்ணாடி தண்ணியில கெடலை. ஆயுத பூஜைக்கு ஸ்விட்சுல நான்தான் சந்தனம் வெச்சேன், அதுலதான் கெட்டுது. தப்பு என்னுது. ஆறுச்சாமிய வரச் சொல்லுங்க." நான்தான்ங்கறா! என்ற கட்டை, என்ற கல்லு, என்ற கை. இவ நான்தான்ங்கறா. கூட்டமே கை தட்டுது. தப்பை ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும்னு செக்ரட்டரி பொண்டாட்டி என்கிட்டயே வந்து சொல்றா, "உங்க மருமக தங்கம்"ங்கறா. நான் வெச்ச சந்தனத்துக்கு இவ பேரு வாங்கிட்டா பாத்தியா. அதுக்குப் பொறகு எவளுக்காச்சும் மிக்சி நின்னாக் கூட எங்கூட்டுக் கதவைத்தான் தட்டறாளுக.

அவளுக்கு அது போதலை. அவனைத் தேடிட்டுப் போனா. பாப்பம்பட்டி பிரிவுல ஒரு வாட்டர் சர்வீஸ் ஷெட்டுல வேலைக்குச் சேந்துட்டானாம். நாள் முச்சூடும் தண்ணியில நின்னு லாரி கழுவறானாம், காலெல்லாம் வெளுத்துச் சேத்துப்புண்ணு வந்து கெடக்குதாம். இதை என்கிட்ட வந்து எதுக்குச் சொல்றா? என்னைக் குத்திக் காட்டத்தான். மீட்டிங்குல சொல்லிட்டேன், நீங்க வாங்கன்னு கூப்பிட்டாளாம். அவன், "நீங்க வெக்கலீங்க மேடம். எனக்குத் தெரியுமுங்க. நான் பக்கத்துலதான நின்னேன்"ன்னானாம்.

நின்னான். பூசையன்னிக்கு வெடியால காரைத் தொடைச்சுக் குடுத்துட்டு அங்கதான் நின்னான். நான் பட்டனுக்குச் சந்தனம் வெக்கறப்ப, "அம்மா, பட்டன் மேல வேண்டாமுங்க. ஈரம் உள்ள எறங்கிருமுங்க. பக்கத்துல வெச்சாப் போதுமுங்க"ன்னான். மெதுவாத்தான் சொன்னான். நான்தான் சத்தம் போட்டேன். காரு தொடைக்கறவன் எனக்குப் பூசை சொல்லித் தர்றயான்னு, அத்தனை பேருக்கு முன்னால கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் போயி டயருக்குக் கீழ எலுமிச்சங்காயை வெச்சான்.

அப்ப என்ற வீட்டு வாசல்ல வந்து நின்னானே, அன்னிக்கு அவன் சொல்லியிருக்கலாமல்ல? நீதான் வெச்ச, நான் சொன்னேன், நீ கேக்கலைன்னு கேட்டிருக்கலாமல்ல? மருமகளும் அதத்தான் கேட்டாளாம். "பெரியவங்க, பாத்தேன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றதுங்க மேடம்"ன்னானாம். திரும்ப வர்றதுக்கு மட்டும் ஒண்ணு சொன்னானாம். "அம்மா ஒருக்கா அவங்க வாயால பாக்கலைன்னு சொல்லட்டுமுங்க, நான் வர்றேன். இல்லீன்னா கேட்டுக்குள்ள நொழையறப்ப எல்லாரும் என்னையத்தானுங்க ஒரு மாதிரி பாப்பாங்க." அவனுக்கு வேற எதுவும் வேண்டாமாம்.

"வாங்க அத்தை, நான் கார்ல கூட்டிட்டுப் போறேன், ரெண்டே நிமிசம்"ன்னா. உன்ற காருல ஏற மாட்டேன் போடின்னுட்டேன். அன்னையில இருந்து ஏறலை. கோயிலுக்கும் பஸ்ஸுதான், ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுதான். இப்ப எங்க போறேன்னு அவளுக்குத் தெரியாது. ஒறம்பரை வீட்டுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்.

மன்னிப்புக் கேக்கறதுக்கெல்லாம் இல்லம்மணி. நானாவது, கேக்கறதாவது? நேராப் போயி, பாக்கலை, வந்து காரைத் தொடைன்னு ஒரு சத்தம் போட்டுட்டு வந்துருவேன். அவ்வளவுதான். அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

என்ன ஊரு இது? பிரிவா? நின்னுட்டு இருக்குதா? நீ எந்திரிக்காத, உக்காரு. நான் பாத்துக்கறேன்.

போயிருச்சா? பாரு இந்தக் கண்டக்டரை. வயசானவ எறங்கறாளா இல்லையான்னு ஒரு வார்த்தை கேக்கறானா? விசிலை ஊதுனாப் போதும் இவனுக்கு, கண்ணு எங்க இருக்குதோ. மொகரையப் பாரு.

என்னை எதுக்கு அப்படிப் பாக்கற? ஆமா, நான் எந்திரிக்கலை. எறங்கறதுக்கு நேரம் இருந்துச்சு, எந்திரிக்கலை. போன செவ்வாக்கெழமையும் எந்திரிக்கலை. அதுக்கு முந்துன வாரமும் சூலூரு வரைக்கும் போயிட்டு, அதே பஸ்ல உக்காந்து திரும்பி வந்துட்டேன். ஷெட்டு ரோட்டு மேலதான் இருக்குது, பஸ்ல இருந்தே தெரியும். போன வாரம் ரப்பர் பூட்ஸைக் கழட்டிட்டு ஒரு கல்லு மேல உக்காந்து காலைக் காய வெச்சுட்டு இருந்தான். எனக்குப் பயமா இருக்குது அம்மணி. அவன் திட்டுவான்னு பயமில்லை. திட்ட மாட்டான். என்னைக் கண்டதும் எந்திரிச்சு, "வாங்கம்மா"ன்னு சேரை இழுத்துப் போட்டு, துணியால தொடைச்சு உக்காரச் சொல்லுவான். அப்ப நான் என்ன பண்றது சொல்லு? அந்தச் சேர்ல உக்காந்துட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் பேசறது?

நீயும் நல்ல ஆளுதான் போ. நடுவுல நாலு வார்த்தை உன்ற கதையச் சொல்லியிருந்தீன்னா நான் இதெல்லாம் உன்கிட்டக் கொட்டியிருக்க மாட்டேன். வாய மூடிட்டு உக்காந்து எல்லாத்தையும் வாங்கிட்ட. எங்கூட்டுல ஒருத்தருக்கும் நான் இதை வாயால சொன்னதில்லை.

ஏப்பா கண்டக்டரு! அடுத்த ஸ்டாப்புல நிறுத்து. ஆமா, தாண்டித்தான் வந்துட்டேன், தெரியும், நடந்து போயிக்கறேன், உன்னையா தூக்கிட்டு வரச் சொன்னேன்? காலைச் சித்த நகத்து அம்மணி, நான் எறங்கோணும்.